தேர் ஒன்று, வடம் பல

திருக்குறளின் அறத்துப்பாலில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஈகை 23ஆம் அதிகாரம். இரண்டும் கொடுப்பதைப் பற்றியனவாகவே தோன்றுவதால், மாணாக்கர் இவற்றை ஒன்றெனக் கொண்டு விடை எழுதிவிடுவதுண்டு. நல்லாசிரியர் அவ்விடத்தில் சற்றே நின்று வேறுபாட்டை விளக்குவார். இல்லையென்று வந்து நிற்பவனுக்கு இரங்கி அளிப்பது ஈகை. ஊரோடு கூடி வாழ்பவன் ஊருக்குச் செய்தே தீரவேண்டிய கடன் ஒப்புரவு. ஈகையில் ஒரு கை உயர்கிறது. மற்றொரு கை தாழ்கிறது. ஒப்புரவில் எவர் கையும் தாழ்வதில்லை. ஊர்க் குளத்தில் குடத்தை அமிழ்த்தி நீர் முகப்பவள் எவரிடமும் கையேந்தி நிற்பதில்லை. குளம் ஊருக்குரியது, ஊரில் அவளும் ஒருத்தி. ஒப்புரவை முன்னும் ஈகையை அதன் பின்னும் வள்ளுவர் வைத்த வைப்புமுறை எண்ணி மகிழத்தக்கது.

இந்த வேறுபாடு தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவதன்று. பலவகைக் குறைபாடுகள் ஒருங்கே அமைந்த ஒரு குழந்தையின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் அன்றாடப் பராமரிப்புக்கும் ஆகும் செலவை யார் ஏற்பது என்ற வினா எழுந்தவுடன், ஈகையும் ஒப்புரவும் ஏட்டைவிட்டு இறங்கி அலுவலக மேசைகளுக்கு வந்துவிடுகின்றன. ஒரு நாடு அக்குழந்தையை இரக்கத்துக்குரிய உயிராகக் காண்கிறதா, உரிமையுடைய குடியாகக் காண்கிறதா என்பதை அந்நாட்டின் மேடைப் பேச்சுகளைக் கொண்டு அறிதல் அரிது. அதன் செலவுக் கணக்கு ஒளிவுமறைவின்றி அதனைச் சொல்லிவிடும்.

தோ பாயோவிலோ உட்லண்ட்சிலோ அடுக்குமாடி வீடொன்றில் வாழும் குடும்பம் ஒன்றை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். தந்தை துறைமுகத்தில் முறைவேலை செய்பவர். வீட்டில் ஒரு பாட்டி. ஏழு வயதுப் பெண் குழந்தைக்குப் பெருமூளை வாதம்; அதனோடு வலிப்பும் உண்டு. நடக்க இயலாது. உணவை விழுங்கினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்பதால், வயிற்றில் பொருத்திய குழாய் வழியே பால் உணவு செலுத்தப்படுகிறது. பேச்சு வரவில்லை. ஆயினும் பாட்டி தாலாட்டை முணுமுணுத்தால் குழந்தையின் கண்கள் மலர்கின்றன. பாட்டி நிறுத்தினால் அக்கண்கள் அவளைத் தேடுகின்றன. கேட்கவும் விரும்பவும் வேண்டவும் தெரிந்த உயிர் அது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அந்தக் குழந்தைக்கு வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினால் தாள் நிறைந்துவிடும். வலிப்புக்கு நரம்பியல் மருத்துவர், தசைகள் இறுகிப்போகாமல் காக்க இயன்முறைச் சிகிச்சையாளர், கைகளைப் பயன்படுத்தப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுக்கு மாற்றாகப் படங்களையும் கருவிகளையும் கொண்டு கருத்தை வெளியிடக் கற்பிக்கும் பேச்சுப் பயிற்சியாளர், கல்விக்குச் சிறப்பாசிரியர், முதுகெலும்பு வளையாமல் தாங்கும் இருக்கையோடு கூடிய சக்கர நாற்காலி, அதனை ஏற்றிச் செல்லும் பேருந்து, குளியலறையில் செய்ய வேண்டிய மாற்றங்கள், இவ்வளவும் செய்து களைத்த தாய்க்குச் சில மணி நேர ஓய்வு.

குழந்தை ஒன்றுதான். ஆனால் அதன் தேவைகளோ மருத்துவம், கல்வி, சமூக நலம் என்று மூன்று அமைச்சுகளின் வாயில்களில் பிரிந்து நிற்கின்றன. அரசாங்கத்தைத் துறைதுறையாகப் பிரித்தவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. பெரும்பாலான மக்களின் தேவைகள் அவ்வாறு பிரிக்கத் தக்கனவே. காய்ச்சல் கண்டவன் மருத்துவமனைக்குச் செல்வான்; கணக்கு வராதவன் ஆசிரியரிடம் செல்வான். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே உடலில் பின்னிக் கிடக்கும்போதுதான் துறைகளுக்கு இடையிலுள்ள எல்லைக்கோடு தெரிகிறது. அந்தக் கோட்டின் மேல்தான் இக்குழந்தை வாழ்கிறது.

பள்ளியில் நண்பகலில் குழாய்வழி உணவு செலுத்துவது ஆசிரியரின் பணியா, தாதியின் பணியா? பேருந்தில் வலிப்பு வந்தால் மருந்து கொடுக்க உடன்செல்பவருக்குச் சம்பளம் தருவது பள்ளியா, மருத்துவமனையா? சக்கர நாற்காலி பள்ளியிலும் வீட்டிலும் பயன்படுமாயின் அதன் விலையைப் பகிர்வது எங்ஙனம்? ஒவ்வொரு முகப்பிலும் அமர்ந்திருப்பவர் நல்லவராகவே இருக்கலாம். "இது எங்கள் பிரிவைச் சேர்ந்ததன்று அம்மா, அங்கே கேட்டுப் பாருங்கள்" என்று கனிவாகவே சொல்லலாம். ஆயினும் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் நடப்பவள் தாய் ஒருத்திதான். ஒவ்வோர் இடத்திலும் குழந்தை பிறந்த நாள் முதலான கதையை அவள் மீண்டும் சொல்ல வேண்டும். வருமானச் சான்றை மீண்டும் காட்ட வேண்டும். அலுவலகங்களுக்கு இடையே நடமாடும் கோப்பு அவளே ஆகிறாள்.

இந்த நிலைக்கு மருந்தாக எழுந்ததே கூட்டு நிதி என்னும் ஏற்பாடு. பல துறைகளும் அமைப்புகளும் ஒரு குழந்தையின் பொருட்டுத் தத்தம் பங்கைக் கொடுத்து ஒரு சேவையை நடத்துவது அதன் கருத்து. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது அது என்று சொல்வதில் பிழையில்லை. ஆனால் தேர் இழுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும்: வடம் பிடிக்கும் கைகள் பலவாக இருந்தால் மட்டும் தேர் நகராது. ஒரே திசையில், ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும்; சக்கரத்துக்குக் கட்டை போடுபவர் விழிப்போடிருக்க வேண்டும்; தேர் நிலைக்கு வரும்வரை எவரும் வடத்தை விட்டுவிடலாகாது.

சிங்கப்பூரில் இத்தேர் நகரத் தொடங்கிய வரலாறு அறியத்தக்கது. பார்வையற்றோர் சங்கம் 1951ஆம் ஆண்டிலும், பெருமூளை வாதமுற்ற குழந்தைகளுக்கான சங்கம் 1957ஆம் ஆண்டிலும், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான சங்கம் 1962ஆம் ஆண்டிலும் தோன்றின. இறுதியிற் கூறிய சங்கமே இன்று மைண்ட்ஸ் என்ற பெயரால் அறியப்படுவது. பள்ளிக்கூடங்களின் கதவு தம் குழந்தைகளுக்குத் திறவாத காலத்தில், பெற்றோரும் மருத்துவர்களும் நல்லுள்ளம் படைத்த தொண்டர்களும் சேர்ந்து தாமே வகுப்பறைகளை அமைத்துக்கொண்டனர். குடியிருப்பும் வேலையும் தொடக்கக் கல்வியும் நாட்டின் தலையாய கவலைகளாக இருந்த அந்நாளில் சிறப்புக் கல்வி பெரும்பாலும் அறச்செயலாகவே நடைபெற்றது. அது ஈகையின் காலம்.

1958ஆம் ஆண்டில் சமூக சேவை மன்றம் அமைக்கப்பட்டது. தனித்தனியே உண்டியல் குலுக்கிய அறநிறுவனங்களுக்காக ஒன்றாக நிதி திரட்டும்பொருட்டு, 1983ஆம் ஆண்டில் 'கம்யூனிட்டி செஸ்ட்' என்னும் அமைப்பை அம்மன்றம் தோற்றுவித்தது. தொழிலாளர் தம் மாதச் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்ள ஒப்புதல் தரும் திட்டமும் அதன் வழியே பரவிற்று. ஒரு செல்வரின் பெருங்கொடையைவிட ஆயிரம் தொழிலாளரின் சிறு தொகை நிலையானது, மாதந்தோறும் வருவது. ஈகை ஒப்புரவை நோக்கி எடுத்துவைத்த முதலடி என்று இதனைச் சொல்லலாம்.

அடுத்த அடி 1988ஆம் ஆண்டில் வைக்கப்பட்டது. அப்போது கல்வி அமைச்சராக இருந்த டாக்டர் டோனி டான் தலைமையில் உடற்குறையுள்ளோர்க்கான ஆலோசனை மன்றம் கூடி, தன் அறிக்கையை அவ்வாண்டில் வெளியிட்டது. சிறப்புப் பள்ளிகளைத் தொண்டூழிய நல அமைப்புகள் நடத்த, அவற்றுக்குக் கல்வி அமைச்சும் சமூக சேவை மன்றமும் கூட்டாக நிதியளிக்கும் முறை அதன்பின் வலுவாக வேரூன்றியது. தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவை அளவுகோலாகக் கொண்டு, அதன் மடங்குகளாக இரு தரப்பும் பங்களித்தன. சமூக சேவை மன்றம் 1992ஆம் ஆண்டில் தேசியச் சமூக சேவை மன்றமாக மாற்றியமைக்கப்பட்ட பின்னும் அம்முறை தொடர்ந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட சிறப்புக் கல்விப் பள்ளிகள் இவ்வாறே இயங்குகின்றன. சிறப்புத் தேவையுடைய மாணவர்களுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் பொதுப்பள்ளிகளிலேயே பயில்கின்றனர். கூடுதலான உதவி வேண்டியிருக்கும் எஞ்சிய 20 விழுக்காட்டினரை இச்சிறப்புப் பள்ளிகள் ஏற்கின்றன.

இம்முறையின் நன்மைகளை மறுத்தல் ஆகாது. அரசின் பணம் ஆண்டுதோறும் தவறாமல் வருவது. ஆனால் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. அறநிறுவனத்தின் பணம் ஏறியும் இறங்கியும் வருவது. ஆனால் தேவை கண்ட இடத்தில் விரைந்து பாய வல்லது. முன்னது ஆற்று நீர் என்றால் பின்னது மழை நீர். ஆசிரியர் சம்பளத்தை ஆற்று நீரால் நடத்தி, புதிய சிகிச்சை முறையை முயன்று பார்ப்பதற்கும் எளிய குடும்பத்தின் கட்டணத்தை ஈடுசெய்வதற்கும் மழை நீரைப் பயன்படுத்தினால் பயிர் செழிக்கும். பெற்றோர் தோற்றுவித்த சங்கம் பள்ளியை நடத்துவதால், ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி அறியும் நெருக்கமும் அங்கே உண்டு.

ஆனால் மழை பொய்க்கும் ஆண்டும் உண்டு. தொழில் மந்தமுற்றால் நன்கொடை குறையும். அதே ஆண்டில்தான் வேலையிழந்த பெற்றோரின் உதவிக் கோரிக்கைகள் பெருகும். மக்களின் இரக்கமும் எல்லார்மீதும் ஒரே அளவாகப் பொழிவதில்லை. மேடையில் பாடவும் ஓவியம் தீட்டவும் கூடிய குழந்தையின் படம் நிதி திரட்டும் மலரின் அட்டையை அலங்கரிக்கும். கண்ணசைவு ஒன்றே மொழியாகக் கொண்ட குழந்தையின் படம் அங்கே இடம்பெறுவது அரிது. தேவை மிக்கவர்க்கு ஈர்ப்புக் குறைவு என்பது ஈகையின் இயல்பிலேயே உள்ள குறை. சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக அன்றிச் சங்கங்களின் ஊழியர்களாக இருப்பதால், அவர்களுடைய ஊதியமும் உயர்வும் எத்துணைக் காலம் பொதுப்பள்ளி ஆசிரியரோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டன என்பதைக் கல்வித் துறையினர் அறிவர்.

எல்லாவற்றினும் ஆழமான குறை சட்டத்தில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்கு விலக்களித்தது. விலக்கு என்ற சொல் சலுகை போல ஒலிக்கும். ஆனால் பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் என்று ஒரு குழந்தையைப் பார்த்துச் சொல்லாத சட்டம், அக்குழந்தைக்கு இடம் தந்தே தீரவேண்டும் என்று தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்வதும் இல்லை. அவ்விலக்கை நீக்கவேண்டும் என்று பெற்றோரும் அமைப்புகளும் பல ஆண்டுகள் எடுத்துரைத்தனர். 2019ஆம் ஆண்டில் தொடக்கநிலை ஒன்றாம் வகுப்புக்கு வந்த மாணவர்கள் முதற்கொண்டு, மிதமான அல்லது கடுமையான சிறப்புக் கல்வித் தேவையுடைய குழந்தைகளும் அச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். மிகக் கடுமையான நிலையில் உள்ள குழந்தைக்காகப் பெற்றோர் விலக்குக் கோர இன்றும் இடமுண்டு. ஆயினும் கோரிப் பெறும் விலக்கு வேறு; கேளாமலே புறத்தே நிறுத்தும் விலக்கு வேறு. கூட்டு நிதியின் பொருளே அந்த ஆண்டில் மாறியது எனலாம். அதுவரை பங்களிப்பாக இருந்தது அன்றுமுதல் கடமையின் செலவாயிற்று.

இதே சிக்கலை இங்கிலாந்து வேறு வழியில் எதிர்கொண்டது. அங்கே மருத்துவச் சேவை 1948ஆம் ஆண்டு முதல் தேசிய அமைப்பிடமும், பள்ளியும் சமூக நலமும் உள்ளாட்சிகளிடமும் இருந்தன. 1976ஆம் ஆண்டில் இவ்விரண்டுக்கும் பாலமாகக் கூட்டு நிதித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. 1978ஆம் ஆண்டில் மேரி வார்னாக் தலைமையிலான குழுவின் அறிக்கை வந்தது. ஐந்து குழந்தைகளில் ஒருவருக்குப் பள்ளி வாழ்வின் ஏதேனும் ஒரு கட்டத்தில் சிறப்புக் கல்வி உதவி தேவைப்படும் என்று அது கூறியது. ஊனத்தின் பெயரால் குழந்தையைப் பாகுபடுத்தாமல் தேவையின் பெயரால் நோக்க வேண்டும் என்றும் அது வழிகாட்டியது.

அங்கே எழுந்த வழக்கொன்று மொழி ஆசிரியர் எவரையும் சிந்திக்க வைக்கும். பேச இயலாத குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பது கல்வியா, மருத்துவமா என்பதே வழக்கு. மருத்துவமென்றால் செலவு மருத்துவத் துறைக்கு, கல்வியென்றால் உள்ளாட்சிக்கு. லங்காஷர் வட்டார உள்ளாட்சி தொடர்பான அவ்வழக்கில், மொழியால் தொடர்புகொள்ள ஒருபோதும் இயலாதிருந்த குழந்தைக்கு அதனைக் கற்பிப்பது, எழுத்தால் தொடர்புகொள்ளக் கற்பிப்பதைப் போலவே கல்வியாகும் என்ற கருத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989ஆம் ஆண்டில் ஏற்றது. 'அ' எழுதப் பழக்குவது கல்வி என்றால், 'அம்மா' என்று அழைக்கப் பழக்குவது கல்வியாகாதா? தாய்மொழி ஆசிரியர்க்கு விடை எளிது. ஆனால் அந்த விடையின் பின்னே யார் பணம் தருவது என்ற வினா ஒளிந்திருந்ததால்தான் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது.

1999ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் அந்நாட்டில் புதியதொரு வழியைத் திறந்தது. மருத்துவ அமைப்பும் உள்ளாட்சியும் தத்தம் பணத்தை ஒரே பொதுநிதியில் இட்டு வழங்கலாம் என்று அது இசைவளித்தது. 2006ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சேவைச் சட்டத்தின் 75ஆம் பிரிவாக அந்த ஏற்பாடு தொடர்கிறது. பங்கு பிரித்துக் கொடுப்பதற்கும் பொதுநிதியில் கலப்பதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. பங்கு முறையில் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு முகவரி ஒட்டியிருக்கும். இது இருக்கைக்கு, அது மருந்துக்கு என்று எல்லை காக்கப்படும். பொதுநிதியில் கலந்த பணம் ஏரியில் கலந்த ஆற்று நீரைப் போன்றது. எந்த ஆற்றின் நீர் எந்த வயலுக்குப் பாய்ந்தது என்று எவரும் கேட்க இயலாது. வயல் நனைந்ததா என்ற ஒரே கேள்விதான் எஞ்சும்.

2014ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றையும் ஒரே திட்ட ஏட்டில் எழுதி, தேவைப்படின் 25 வயது வரை அதனை நீட்டிக்க அது வழிசெய்தது. உள்ளாட்சியும் மருத்துவ அமைப்பும் கூடித் திட்டமிடுவதை அதன் 26ஆம் பிரிவு கடமையாக்கியது. ஏட்டளவில் இதனினும் சிறந்த அமைப்பைக் காண்பது அரிது. நடைமுறையிலோ வடம் சமமாக இழுக்கப்படவில்லை. கல்விப் பகுதியில் எழுதியதை நிறைவேற்றும் பொறுப்பு உள்ளாட்சியின் தலைமேல் உறுதியாக விழுந்தது. தீர்ப்பாயம் அதுபற்றிக் கட்டளையிடலாம். மருத்துவம், சமூகப் பராமரிப்பு ஆகிய பகுதிகளைப் பற்றியோ அத்தீர்ப்பாயம் பரிந்துரை மட்டுமே செய்யலாம். கட்டளைக்கு உட்பட்டவன் கொடுத்தே ஆகவேண்டும். பரிந்துரைக்கு உட்பட்டவன் எண்ணிப் பார்ப்பதாகச் சொல்லலாம். விளைவாகச் சுமை ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளாட்சிகள் பலவற்றின் சிறப்புக் கல்விக் கணக்கில் பெரும் பற்றாக்குறை விழுந்தது. கூட்டு என்ற சொல் மட்டும் கூட்டை உண்டாக்கிவிடாது. கடமையும் சமமாகப் பகிரப்பட வேண்டும் என்பதே இங்கிலாந்து தரும் பாடம்.

அமெரிக்காவின் பாடம் வேறு. எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்ற உயர்ந்த நோக்கோடு 1975ஆம் ஆண்டில் அங்கே இயற்றப்பட்ட சட்டம், எந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கும் கட்டணமின்றித் தக்க கல்வியளிக்க வேண்டும் என்றது. கூடுதல் செலவில் 40 விழுக்காடு வரை மத்திய அரசு ஏற்கும் என்பது எதிர்பார்ப்பு; அந்த அளவு இன்றுவரை எட்டப்படவில்லை. எஞ்சிய சுமை மாநிலங்களையும் பள்ளி வட்டாரங்களையும் சேர்ந்தது. ஆனால் பணம் குறைவென்று சொல்லிக் குழந்தையைத் திருப்பி அனுப்ப நீதிமன்றம் இடந்தரவில்லை. சிறுநீர் வெளியேற்றும் குழாயைப் பள்ளி நேரத்தில் பொருத்திவிடுவது பள்ளியின் கடமையே என்று 1984ஆம் ஆண்டிலும், மூச்சுக் கருவியோடு வாழும் மாணவனுக்குப் பள்ளி நாள் முழுவதும் தாதியர் உதவி அளிப்பதும் அவ்வாறே என்று 1999ஆம் ஆண்டிலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தை முதலில் வகுப்பறைக்குள் செல்லட்டும். செலவைப் பற்றிய பேச்சை வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்பதே அத்தீர்ப்புகளின் உட்கருத்து.

மலேசியாவில் துறைகளின் எல்லைக்கோடு நெடுங்காலம் குழந்தையின் ஆற்றலைக் கொண்டே வகுக்கப்பட்டது. கற்பிக்கத் தக்க குழந்தை கல்வி அமைச்சுக்கு. ஏனைய குழந்தை சமூக நலத் துறைக்கு என்பது வழக்கு. பிறர் உதவியின்றித் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள இயலும் குழந்தையே கற்பிக்கத் தக்கது என்று 1997ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகள் வரையறுத்தன. திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய சமூகம் சார்ந்த மறுவாழ்வுத் திட்டம், வாயிலில் நின்ற குழந்தைகள் பலருக்குப் புகலிடமாயிற்று. சமூக நலத் துறையின் மானியமும் உள்ளூர்க் குழுவின் உழைப்பும் சேர்ந்து அந்நிலையங்களை நடத்துகின்றன. எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்புவதில்லை என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019ஆம் ஆண்டில் முன்வைத்தது.

கூட்டு நிதியின் இடர்ப்பாட்டை மலேசியத் தமிழாசிரியருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அரசின் பகுதி உதவி பெறும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் அவர்கள் அதனை நேரில் கண்டவர்கள். ஆசிரியர் சம்பளம் அரசினுடையது. நிலமோ தோட்ட நிர்வாகத்தினுடையது. கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது? நிலம் தம்முடையதன்று என்பார் ஒருவர். பள்ளி தம்முடையதன்று என்பார் மற்றொருவர். பெற்றோர் ஆசிரியர் சங்கம் நன்கொடைச் சீட்டு அச்சடிக்கும். இருவர் பொறுப்பேற்ற இடத்தில் எவரும் பொறுப்பேற்காத இடைவெளி ஒன்று தோன்றிவிடும். அவ்விடைவெளி வழியேதான் மழைநீர் மாணவர் மேசையில் சொட்டும். சிறப்புத் தேவையுடைய குழந்தையின் வாழ்விலும் அதே இடைவெளிதான். சொட்டுவது மட்டும் வேறு.

ஆகவே நல்ல கூட்டு நிதிக்கு அடையாளங்கள் சில உண்டு. முதலாவது, பணம் தருபவர் பலராயினும் விடை சொல்பவர் ஒருவராக இருத்தல். தாய் ஒரே கதவைத் தட்டினால் போதும். ஏனைய கதவுகளைத் தட்டுவது அக்கதவுக்குரியவரின் வேலை. இரண்டாவது, முதலில் சேவை, பின்னர் கணக்கு. எந்தத் துறை எவ்வளவு என்ற வழக்கு ஓராண்டு நீடித்தால், வளரும் குழந்தையின் முதுகெலும்பு அந்த ஓராண்டு காத்திராது. மூன்றாவது, ஒரே மதிப்பீடு. ஒரு குழந்தையை ஐந்து இடங்களில் ஐந்து முறை அளந்து பார்க்கும் பணத்தில் ஒரு பயிற்சியாளரை அமர்த்திவிடலாம்.

நான்காவது, வயதின் எல்லையைத் தாண்டிச் செல்லுதல். சிங்கப்பூரில் பள்ளிக்கு முற்பட்ட குழந்தைகளுக்கு 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தொடக்ககால உதவித் திட்டம் உண்டு. அதன் கட்டணமும் 2019ஆம் ஆண்டில் குறைக்கப்பட்டது. ஏழு வயதிலிருந்து பெரும்பாலும் பதினெட்டு வயது வரை சிறப்புப் பள்ளி. அதன்பின் பகல்நேர நடவடிக்கை நிலையமும் பாதுகாக்கப்பட்ட வேலையிடமும் சமூக நலத்தின் பொறுப்பு. ஒவ்வொரு மாறுதலிலும் அமைச்சு மாறுகிறது, படிவம் மாறுகிறது, குழந்தையை அறிந்தவர் மாறுகின்றனர். பதினெட்டாம் பிறந்தநாளைப் பிற வீடுகள் மகிழ்ச்சியோடு எதிர்நோக்க, இவ்வீடுகள் அச்சத்தோடு எதிர்நோக்குகின்றன. மலையுச்சியின் விளிம்பு போன்றது அந்நாள் என்று பெற்றோர் சொல்வது வெற்றுப் புனைவன்று.

ஐந்தாவது, கணக்கில் வராத பங்கைக் கணக்கில் எடுத்தல். கூட்டு நிதியில் மிகப் பெரிய பங்கு செலுத்துபவள் தாய். வேலையை விட்டவள் அவள். இரவில் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் எழுந்து குழந்தையைத் திருப்பிப் படுக்க வைப்பவள் அவள். அவளுடைய பங்குக்குப் பற்றுச்சீட்டு இல்லை. அவள் நோயுற்று ஒரு வாரம் படுத்துவிட்டால் அவளுடைய பங்கின் மதிப்பு எல்லாத் துறைகளுக்கும் ஒருங்கே விளங்கும். அவளுக்கு ஓய்வு தரும் சேவையை ஆடம்பரமென்று எண்ணுவது, தேரின் அச்சாணிக்கு எண்ணெய் இடுவதை வீண்செலவென்று எண்ணுவதற்கு ஒப்பாகும்.

தமிழாசிரியருக்கு இதில் தனியே ஒரு கவலை உண்டு. பேசத் தடுமாறும் குழந்தையிடம் வீட்டில் ஒரே மொழி பேசுங்கள் என்ற அறிவுரை நெடுங்காலம் வழங்கி வந்தது. அந்த ஒரே மொழி பெரும்பாலும் ஆங்கிலமாகவே அமைந்தது. இருமொழிச் சூழல் இத்தகைய குழந்தைகளின் வளர்ச்சிக்கு ஊறு செய்வதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன. ஆங்கிலம் அறியாத பாட்டி அந்த அறிவுரைக்கு அஞ்சி வாய்மூடிக்கொண்டால், குழந்தை இழப்பது ஒரு பாடத்தையன்று. தன்னோடு நாள் முழுதும் இருக்கும் ஓர் உறவை இழக்கிறது. படம் காட்டிப் பேசும் பலகையில் 'தண்ணீர்', 'பாட்டி', 'வலிக்கிறது' என்ற சொற்களும் இருக்குமாயின், அக்குழந்தை வகுப்பறைக்கு வெளியேயும் பேசும். செலவுப் பட்டியலில் எளிதில் இடம்பெறாத இப்பங்கைச் செலுத்தும் ஆற்றல் தமிழாசிரியரிடம் உண்டு. இரண்டு அகவை முதல் தமிழில் கேட்டு வளர்ந்த காதுக்கு எந்தச் சொற்கள் முதலில் வேண்டும் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்?

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்ற பழமொழியைத் தமிழர் பன்முறை சொல்வர். அப்பழமொழியில் வாணிகம் ஏதுமில்லை. அங்கே ஊட்டினால் இங்கே வளரும் என்ற கணக்கும் இல்லை. ஒரு குழந்தைக்கு ஊட்டத் தெரிந்த ஊரில் எந்தக் குழந்தையும் பட்டினி கிடக்காது என்பதே அதன் பொருள். குழாய்வழி உண்ணும் குழந்தைக்கும் ஊட்டத் தெரிந்த ஊர் எல்லாக் குழந்தைகளுக்கும் நல்ல ஊராகும்.

ஈகை போற்றத்தக்கது, அதனால்தான் முதல் வகுப்பறைகள் எழுந்தன. ஆனால் ஒரு குழந்தையின் திங்கட்கிழமைக் காலை, யாரோ ஒருவரின் இரக்கம் விழித்தெழுவதை எதிர்பார்த்துக் காத்திருத்தல் ஆகாது. பேருந்து வரவேண்டும், பேருந்தில் மருந்தறிந்தவர் இருக்கவேண்டும், வகுப்பறையில் இருக்கை பொருந்தவேண்டும், நண்பகலில் உணவு செல்லவேண்டும், மாலையில் தாய்க்கு ஒரு மணி நேரம் மிஞ்சவேண்டும். இவை நடந்தால், எந்த அமைச்சு எத்தனை விழுக்காடு கொடுத்தது என்பதை அந்தக் குழந்தை ஒருபோதும் அறியப்போவதில்லை. அறியத் தேவையில்லாத வகையில் செய்துமுடிப்பதே ஒப்புரவு.